அரிதிற்கடத்தி: சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயல் வரை

பெங்களூரில் குடியிருக்கும் தமிழர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் கூட்டிக்கொண்டு போவதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். மைசூர் அரண்மனை, ஸ்ரீரங்கப்பட்டணம், பிருந்தாவனம், நேரம் மிச்சமிருந்தால் சிவசமுத்திரம். காவிரி ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டாகப் பிரிந்து விழுவதைப் பார்த்து, வேர்க்கடலை கொறித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பள்ளத்தில் இருக்கும் பழைய மின்நிலையத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

1902 ஜூன் 30 அன்று அந்த மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கே பிறந்த மின்சாரம் பக்கத்து ஊர்களுக்குப் போகவில்லை, மைசூருக்குப் போகவில்லை, பெங்களூருக்கும் வரவில்லை. 92 மைல் (ஏறக்குறைய 148 கிலோமீட்டர்) கம்பியில் பயணம் செய்து நேராகக் கோலார் தங்கவயலுக்குப் போனது. அன்றைக்கு உலகத்தின் மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. (நான் பி.காம். படித்து பேங்கில் லோன் ஃபைல் பார்ப்பவன். கேள்வி கொஞ்சம் பாமரத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) 92 மைல் என்றால் வழியில் எத்தனை கம்பங்கள்! கம்பி ஒவ்வொரு கம்பத்தின் மீதும் உட்கார்ந்துதான் போகிறது. கம்பமோ மண்ணில் நட்டது. வழியிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடாமல் கரண்ட் எப்படித் தங்கவயல் வரை போய்ச் சேர்ந்தது?

கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு கடத்தாப் பொருள் இருக்கிறது, அவ்வளவுதானே என்பீர்கள். சரிதான். ஆனால் எது கடத்தும், எது கடத்தாது என்று மனிதன் கண்டுகொண்டது எப்படி? அந்தக் கதை நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. இன்றைக்கும் உயிர் போகிற விஷயம் ஒன்று அதற்குள் இருக்கிறது.

முதலில் ஒரு வார்த்தை விசாரணை. நம் பழைய தமிழ்ப் பாடப்புத்தகங்களில் 'எளிதிற்கடத்தி', 'அரிதிற்கடத்தி' என்று இரண்டு சொற்கள் வரும். பிற்பாடு 'கடத்தி', 'கடத்தாப் பொருள்' என்பது அதிகம் புழக்கத்துக்கு வந்தது. சொல்ல எளிது, ஆனால் சொல்லும் பொருள் வேறு. 'கடத்தாப் பொருள்' என்றால் கடத்தவே கடத்தாது என்று அர்த்தம். 'அரிதிற்கடத்தி' என்றால் லேசில் கடத்தாது, ஆனால் நிலைமை மாறினால் கடத்தக்கூடும். இந்தப் பழைய சொல்லை உருவாக்கிய தமிழாசிரியர் யாரோ, அவர் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கதை 1729-இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஸ்டீஃபன் கிரே என்பவர் சாயத்தொழில் செய்தவர். அறுபது வயதுக்கு மேல் லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்ற தரும விடுதியில் தங்கியிருந்தார். அந்தக் காலத்தில் பேட்டரியும் கிடையாது, டைனமோவும் கிடையாது. கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் அது இறகை இழுக்கும். மின்சாரம் என்றால் அவ்வளவுதான். குழாயின் வாயை அடைத்திருந்த தக்கையும் இறகை இழுப்பதை கிரே கவனித்தார். தக்கையை அவர் தேய்க்கவில்லை. அப்படியானால் அந்த 'சக்தி' கண்ணாடியிலிருந்து தக்கைக்கு நகர்ந்து போயிருக்கிறது. எவ்வளவு தூரம் போகும்? தக்கையில் குச்சி செருகிப் பார்த்தார், பிறகு சணல் கயிறு கட்டித் தந்தப் பந்து ஒன்றைத் தொங்கவிட்டார். மாடியிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட்டபோது போனது. ஆனால் அதே கயிற்றைப் படுக்கைவாட்டில் கொண்டுபோக, உத்தரத்தில் சணலாலேயே கட்டித் தொங்கவிட்டபோது மறுமுனையில் ஒன்றுமே இல்லை. எல்லாம் உத்தரத்துக்குள் இறங்கிவிட்டது.

1729 ஜூலை 2 அன்று கெண்ட் பகுதியில் நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகையில் மறுபடி முயன்றார்கள். கயிற்றைப் பட்டு நூலால் தாங்கிப் பார்க்கலாம் என்றார் வீலர். பட்டு நூல் மெல்லியது, அதன் வழியாகக் கசிவது குறைவாக இருக்கும் என்பது எண்ணம். 80 அடிக்கு மேல் அழகாக வேலை செய்தது! அடுத்த சில நாட்களில் இன்னும் நீளமாக்கப் போனபோது கனம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. சரி, மெல்லியதாகவும் வேண்டும், பலமாகவும் வேண்டும் என்று பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. எவ்வளவு தேய்த்தாலும் மறுமுனையில் இறகு அசையவில்லை.

அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. பட்டு தடுத்தது அது மெல்லியதாக இருப்பதால் அல்ல, பட்டாக இருப்பதால். மறுபடி பட்டுக்கே திரும்பி 700 அடிக்கு மேல் கொண்டுபோனார்கள். பொருள்களைக் கடத்துபவை, கடத்தாதவை என்று பிரித்த முதல் தெளிவான சோதனை இதுதான் எனலாம். 'கண்டக்டர்' என்ற பெயரைப் பின்னால் தேசகுலியர் என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

கிரே அதோடு நிற்கவில்லை. 1730 ஏப்ரல் 8 அன்று எட்டொன்பது வயதுச் சிறுவன் ஒருவனை உத்தரத்திலிருந்து கயிற்றில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, தேய்த்த கண்ணாடிக் குழாயை அவன் காலருகே கொண்டுபோனார். அவன் முகத்தருகே வைத்த உலோகத் தகட்டுத் தூள்கள் துள்ளி எழுந்தன. மனித உடம்பு ஒரு கடத்தி என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் டெஸ்டர் இருக்கிறதே, அதே தத்துவம்தான். அதற்குள் ஒரு சின்ன நியான் விளக்கும், பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். முனையை பிளக் துளையில் வைத்துப் பின்பக்க உலோகத்தை விரலால் தொட்டால் விளக்கு எரிகிறது. சர்க்யூட்டை முடித்து வைப்பது நம் உடம்பு. ஓடுவது கால் மில்லியாம்பியர்கூட இல்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

அடுத்தது, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் இதைச் செய்யச் சொன்னார்கள். இரண்டு டார்ச் செல், ஒரு பழைய டார்ச் பல்பு, ஒயர் மூன்று துண்டு. நடுவில் ஒரு இடைவெளி விட்டு அங்கே சாவி, நாணயம், ரப்பர், பென்சில் மரம், சீப்பு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது. பல்பு எரிந்தால் கடத்தி, எரியாவிட்டால் கடத்தாப் பொருள். நோட்டில் இரண்டு கட்டம் போட்டு எழுதி, டீச்சரிடம் 'குட்' வாங்கியாயிற்று.

மரம் எந்தக் கட்டத்தில் இருந்தது? கடத்தாப் பொருள் கட்டத்தில்.

இப்போது இன்னொரு எளிய சோதனை. 1780களில் ஆபிரகாம் பென்னட் என்ற பாதிரியார் தங்க இலை மின்காட்டி ஒன்றைச் செய்தார். கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு மெல்லிய தங்க இலைகள் தொங்கும். மேலே இருக்கும் உலோக மூடிக்கு மின்னூட்டம் கொடுத்தால் இலைகள் ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்கும். இப்போது கையில் ஒரு பொருளைப் பிடித்து மூடியைத் தொட வேண்டும். அது கடத்தினால் மின்னூட்டம் நம் உடம்பு வழியாக மண்ணுக்கு ஓடிவிடும், இலைகள் சுருங்கிவிடும். சாவியால் தொட்டால் உடனே சுருங்கும். பட்டு, அரக்கு என்றால் விரிந்தபடியே நிற்கும். மரக்குச்சியால் தொட்டால்? சாதாரண மரக்குச்சியாக இருந்தால் இலைகள் சுருங்கிவிடும். காகிதத்துக்கும் அப்படித்தான்.

ஒரே மரம். டார்ச் பல்பு அதைக் கடத்தாப் பொருள் என்கிறது, தங்க இலை கடத்தி என்கிறது. இரண்டுமே உண்மை சொல்லும் சாட்சிகள்தான். டார்ச் பல்பு எரிய 200, 300 மில்லியாம்பியர் ஓட வேண்டும். அதற்குக் குறைந்து எது ஓடினாலும் அதற்குத் தெரியாது. தங்க இலைக்கு அதில் கோடியில் ஒரு பங்கு கசிந்தாலே போதும். பல்புக்குப் பதில் ஒன்பது வோல்ட் பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும் சிவப்பு எல்.இ.டி.யும் வைத்துப் பாருங்கள், பல்பை எரிக்காத உப்புத் தண்ணீர் எல்.இ.டி.யை எரித்துவிடும். சாட்சி மாறினால் தீர்ப்பு மாறுகிறது.

இந்த 'எவ்வளவு' என்ற கேள்வியை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஹென்றி கேவண்டிஷ். பெரும் பணக்காரர், யாரிடமும் பேசாத கூச்ச சுபாவி. கரண்ட்டை அளக்க அப்போது மீட்டரே கிடையாது. அதனால் அவர் தம் உடம்பையே மீட்டராக்கினார். ஒரு பொருள் வழியாகவும் தம் கை வழியாகவும் மின்சாரத்தைப் பாய்ச்சி, ஷாக் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று ஒப்பிட்டார். இரும்புக் கம்பி மழைத்தண்ணீரைவிட 40 கோடி மடங்கு நன்றாகக் கடத்தும், கடல்நீர் மழைத்தண்ணீரைவிட 100 மடங்கு நன்றாகக் கடத்தும் என்று 1776-இல் எழுதினார். கையையே மீட்டராக வைத்துக்கொண்டு வந்த கணக்கு இது! 1833-இல் மைக்கேல் ஃபாரடே இன்னொன்றைக் காட்டினார். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் அவருடைய சர்க்யூட் நின்றுவிடுகிறது, உருகினால் மறுபடி ஓடுகிறது. பொருள் ஒன்றேதான், நிலை மாறினால் குணமும் மாறுகிறது.

ஆக, எளிதிற்கடத்திக்கும் அரிதிற்கடத்திக்கும் நடுவே மதில் சுவர் கிடையாது. நீண்ட ஏணி ஒன்று இருக்கிறது. செம்பு மேல்படியில், பீங்கான் அடிப்படியில். இரண்டுக்கும் நடுவே 1-க்குப் பின்னால் இருபது சைபர் போடும் அளவுக்கு வித்தியாசம். ஈர மரம், ஈர மண், மனிதத் தோல் எல்லாம் நடுப்படிகளில் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது சிவசமுத்திரத்துக்குத் திரும்புவோம். இந்த ஏணியின் இரண்டு முனைகளையும் ஒரே கம்பத்தில் வைத்துத்தான் அந்தத் திட்டம் நின்றது.

தங்கவயலில் சுரங்கங்களை நடத்தியது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். நீராவி எஞ்சினுக்கு விறகும் நிலக்கரியும் வாங்கி மாளவில்லை. மைசூர் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். 1845-இல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பெங்களூரின் சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ராணுவப் பொறியாளர் ஜோலி டி லாட்பினியேர் கொண்டுவந்த அருவித் திட்டத்தைத் துணிந்து ஏற்றவர் அவர். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்தும், டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியிடமிருந்தும் வந்தன. பாவம், கரண்ட் ஓடியதை சேஷாத்ரி ஐயர் பார்க்கவில்லை. 1901-இல் காலமாகிவிட்டார்.

தங்கவயலுக்குத் தேவை சுமார் 4,000 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 3,000 கிலோவாட். இதை நம் வீட்டு 230 வோல்ட்டில் அனுப்பினால் என்ன ஆகும்? (மூன்று பேஸ் சமாச்சாரத்தை விட்டுவிட்டு மொட்டைக் கணக்காகப் போடுகிறேன்.) 13,000 ஆம்பியர் ஓட வேண்டும். 35,000 வோல்ட்டில் அனுப்பினால் 86 ஆம்பியர் போதும். கம்பியில் சூடாகி வீணாவது ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே கம்பியில் நஷ்டம் 23,000 மடங்குக்கு அருகில்! வட்டிக்கு வட்டி எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் சிவசமுத்திரம் தடத்தில் அழுத்தத்தைச் சுமார் 35,000 வோல்ட்டுக்கு உயர்த்தினார்கள்.

அழுத்தத்தை உயர்த்தினால் செம்புச் செலவு குறைகிறது, ஆனால் சுமை முழுவதும் இன்சுலேட்டர் மேல் விழுகிறது. கம்பங்களின் மேல் இருக்கும் பீங்கான் குமிழ்கள் குடைமேல் குடை வைத்த மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக இல்லை. பீங்கானின் உடம்புக்குள் கரண்ட் போவதில்லை. அதன் மேல்பரப்பில் படியும் தூசியும், தூசியில் ஊறும் மழைத்தண்ணீரும்தான் எதிரி. குடை இருந்தால் மழையிலும் அடிப்பக்கம் காய்ந்திருக்கும். மடிப்பு மடிப்பாக இருந்தால் மேல்பரப்பில் ஊர்ந்து போக வேண்டிய தூரமும் கூடும். அன்று உலகம் முழுக்கப் பொறியாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது இந்த ஈரத்தோடுதான்.

கம்பியின் மறுமுனையில் இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். நம்மைப் போல ஏ.சி. அறையில் உட்கார்ந்து 'வெளியூரில் இருக்கிறேன்' என்று எழுதுகிற இடப்பெயர்வு அல்ல அவர்களுடையது. அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. காவிரித் தண்ணீருக்காக இரு மாநிலமும் அடித்துக்கொள்கிறோமே, அதன் பழைய கணக்கில் இந்தக் கம்பிக்கும் பங்கு உண்டு. கோடையில் அருவி வற்றினால் தங்கவயலுக்கு கரண்ட் நின்றுவிடும் என்பது கண்ணம்பாடி அணைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த அணையைச் சுற்றி மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடந்த வாக்குவாதம்தான் 1924 ஒப்பந்தத்தில் போய் முடிந்தது.

பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905 ஆகஸ்ட் 5-இல். 'ஆசியாவிலேயே மின்விளக்கு வந்த முதல் நகரம்' என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். ஷாங்காயிலும் டோக்கியோவிலும் 1882-லேயே மின்விளக்கு எரிந்திருக்கிறது. இந்தியாவில் நீர்மின்சாரமும் 1897-லேயே டார்ஜிலிங்கில் தொடங்கிவிட்டது. பெங்களூரின் உண்மையான பெருமை வேறு. இந்த ஊர் இன்சுலேட்டரையே இங்கே செய்யக் கற்றுக்கொண்டது. மல்லேஸ்வரத்தில், டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிரே, மைசூர் அரசாங்கம் தொடங்கிய பீங்கான் தொழிற்சாலை பிற்பாடு பி.எச்.இ.எல். நிறுவனத்தின் கைக்குப் போய் மின்பீங்கான் பிரிவாக ஆனது. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றையும் அரைத்து, வார்த்து, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பது. டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் 1911-லேயே மின்துறை தொடங்கியிருந்தது. 1960-இல் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனமும் அதே பகுதியில் வந்தது. இன்சுலேட்டரைக் காய்ந்த நிலையில் சோதித்தால் மட்டும் போதாது, செயற்கை மழை பெய்வித்து நனைத்தும் சோதிக்க வேண்டும் என்பது இத்தகைய ஆய்வகங்களின் பால பாடம்.

நான் லோன் விஷயமாக பீன்யாவில் ஒரு சிறு தொழிற்கூடத்துக்குப் போனபோது அங்கிருந்த எலக்ட்ரீஷியன் மெக்கர் என்ற கருவியைக் காட்டினார். கைப்பிடியைச் சுற்றினால் அதற்குள்ளேயே 500 வோல்ட் உற்பத்தியாகும். மோட்டார் சுற்றுக்கும் உடம்புக்கும் நடுவே எத்தனை மெகா ஓம் என்று முள் காட்டும். இங்கிலாந்தில் எவர்ஷெட் என்பவர் 1889-இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழித்தோன்றல் அது. "மூணு வோல்ட் பேட்டரி வெச்சுப் பார்த்தா எல்லா மோட்டாரும் நல்லாத்தான் சார் இருக்கும்" என்றார். ஒரு வரியில் மொத்தக் கதையையும் சொல்லிவிட்டார்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன உயிர் போகிற விஷயம். ஈரமான ஒரு மரக்குச்சியின் தடையை 20,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

3 வோல்ட் டார்ச் செல்லில்: 0.15 மில்லியாம்பியர். பல்பு எரியாது. நோட்டில் 'கடத்தாப் பொருள்'.

230 வோல்ட்டில்: 11.5 மில்லியாம்பியர். பிடித்த கை விடமுடியாமல் இறுகத் தொடங்கும் அளவு.

தெருவில் போகும் 11,000 வோல்ட் லைனில் (ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட்): 300 மில்லியாம்பியருக்கு மேல். டார்ச் பல்பே எரியும். மனித இதயத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஆபத்து. வீட்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே ஆஃப் ஆகும்படி அமைத்திருப்பது அதனால்தான்.

பள்ளியில் 'மரம் கடத்தாது' என்று படித்தவர்தான் மழை நாளில் குச்சியை எடுத்துக்கொண்டு அறுந்த கம்பியைத் தள்ளப் போகிறார். பாடம் தப்பில்லை. அது மூன்று வோல்ட்டுக்கு, காய்ந்த மரத்துக்கு, அந்தப் பல்பின் கண்ணுக்குச் சொன்ன பாடம். அதை யாரும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்வதில்லை.

2023 நவம்பரில் இதே பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு பக்கம், அறுந்து நடைபாதையில் கிடந்த கம்பியை விடிகாலை இருட்டில் மிதித்து ஓர் இளம் தாயும் கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். கம்பியைத் தொடக்கூட வேண்டாம். ஈர மண்ணில் கரண்ட் பரவும்போது இரண்டு பாதங்களுக்கு நடுவிலேயே அழுத்த வித்தியாசம் வந்துவிடும். நம் கிராமங்களில் கம்பி அறுந்தால் மாடுகள் விழுவது இதனால்தான். அதன் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அறுந்த கம்பியிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். குச்சி, துணி, ரப்பர் செருப்பு எதையும் நம்பாதீர்கள். மற்றவர்களையும் நிறுத்துங்கள். பெங்களூரில் பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் சொல்லுங்கள் (சிவசமுத்திரம் 1902, பெஸ்காம் 1912 என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்!). வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடுவதற்கு முன் மெயினை ஆஃப் செய்யுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்றால் உடனே கை வைக்காதீர்கள், கரண்ட் இருப்பது உறுதியான இன்னொரு பிளக்கில் அதே டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிள்ளைகள் டார்ச் பல்பு சோதனை செய்தால் தாராளமாகச் செய்யட்டும், கூட உட்கார்ந்து செய்யுங்கள். நோட்டின் இரண்டாவது கட்டத்துக்கு மட்டும் 'கடத்தாப் பொருள்' என்பதற்குப் பதில் அந்தப் பழைய தலைப்பைப் போடச் சொல்லுங்கள்: அரிதிற்கடத்தி. ஏன் என்று கேட்பார்கள். சொல்வதற்குத்தான் கிரேயும் கேவண்டிஷும் சிவசமுத்திரமும் இருக்கிறதே.

தங்கவயல் தமிழர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மார்ச் மாத இயர் எண்டிங் முடியட்டும்.